நாலாவது கேக்

மூன்றாவது கேக்கும் உதிர்ந்துவிட்டது.

கத்தி பட்டதும் பொலபொலவென்று சரிந்தது. மேனுஷா மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு! மூன்று மணிக்கு, லண்டன் சட்டனில் இருக்கும் அவர்களின் வீட்டுக்குத் தம்பி லக்‌ஷனின் நண்பர்கள் வந்துவிடுவார்கள். அவனுக்கு இன்று ஏழு வயது.

லக்‌ஷனுக்குக் கோதுமை ஆகாது. கொஞ்சம் தின்றாலும் வயிறு முறுக்கும். அதனால்தான் அரிசிமாக் கேக்.

"கடையிலை வாங்குவமோ?" உதிர்ந்ததை அள்ளி வாயில் போட்டபடி கேட்டார் அப்பா.

"போன வருசம் வாங்கினதுதானே! மண் மாதிரி இருந்தது. பெடியள் எல்லாம் மற்றக் கோதுமைக் கேக்குக்கு ஓடிட்டினம். தம்பி தனிய இருந்து சாப்பிட்டவன்."

"எனக்குக் கேக்கே வேண்டாம்" என்றான் வாசலில் நின்ற லக்‌ஷன். "மெழுகுதிரியை இடியப்பத்திலை குத்துங்கோ."

அப்பா சிரித்தார். மேனுஷா சிரிக்கவில்லை. தம்பியின் குரல் நடுங்கியதை அவள் கவனித்துவிட்டாள்.

குசினியின் மறுபக்கம் அம்மா இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். கொதிதண்ணீர் ஊற்றி, அகப்பைக்காம்பால் கிண்டினார். மா ஒரே பந்தாகத் திரண்டது.

மேனுஷா உற்றுப் பார்த்தாள். அதே பை. அதே அரிசிமா!

"அம்மா, உது மட்டும் ஏன் உதிரேல்லை?"

"கொதிதண்ணி விட்டால்தான் மா பிடிக்கும்."

"அப்ப கேக் மாவுக்கும் விடுவமே?"

"கேக்குக்கோ? உனக்கென்ன விசரே!"

"மூண்டு உதிர்ந்திட்டுது அம்மா. இனி என்ன பயம்?"

அம்மா ஒரு கணம் யோசித்தார். கொதிதண்ணீர்க் கேத்திலை எடுத்தார்.

மேனுஷா கால்வாசி மாவை மட்டும் பிரித்து வைத்தாள். அம்மா கொதிதண்ணீர் ஊற்ற, அது களிபோல் ஆனது. ஆறியதும் முட்டை, சீனி, பட்டர், மிச்ச மா எல்லாம் சேர்த்துக் கட்டியில்லாமல் அடித்தாள். அப்பா அதைத் தட்டில் ஊற்றி, அவணில் வைக்கத் தூக்கினார்.

"பொறுங்கோ அப்பா! அரை மணித்தியாலம் ஊறட்டும். ஊறினால் வாயிலை நறநறக்காது."

மூன்றரை மணி. ஏழு திரிகளும் அணைந்தன. லக்‌ஷன் கேக்கில் கத்தியை வைத்தான். மேனுஷா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

யாரோ கை தட்டினார்கள். கண்ணைத் திறந்தாள். துண்டு தட்டில் நிமிர்ந்து நின்றது!

"லக்‌ஷனுக்கு வேறை கேக் எங்கை?" வகுப்புத் தோழன் றஜீவ் மேசையெங்கும் தேடினான்.

"வேறை இல்லை. எல்லாருக்கும் இதுதான்" என்றாள் மேனுஷா.

றஜீவ் ஒரு கடி கடித்தான். "அக்கா, இன்னொரு துண்டு தாறீங்களோ?"

தட்டுகள் நீண்டன. 'இது எனக்கு ஆகுமோ' என்று யாரையும் கேட்காமல், லக்‌ஷன் இரண்டாவது துண்டைத் தானே வெட்டி எடுத்துக்கொண்டான்.