முன்நோய் ஏதும் உண்டா?

மாதத்தின் முதல் தேதியில் மாசிலாமணி பதினொரு வினாடி இறந்துபோவது வழக்கம். அவருடைய செயற்கை இதயம் தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ள அவ்வளவு நேரம் எடுக்கும். அதற்குள் காப்பி ஆறிவிடாது என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தூத்துக்குடியில் அறுபது தாண்டியவர்களில் பாதிப் பேர் அன்று காலை இப்படிக் கொஞ்சம் இறந்து, எழுந்து, பல் தேய்க்கப் போவார்கள். புதுப்பிக்கும்போது பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்பது விதி. மனைவி சண்முகவடிவு போர்வையை மடித்தபடி நிற்பாள். அது ஏற்கெனவே மடித்த போர்வை. இறந்திருக்கிற மனிதர் அதையெல்லாம் எப்படிக் கவனிப்பார்?

அந்த முதல் தேதி அவர் உயிர் பெற்று எழுந்தபோது செவ்வாய்க் கிரகத்திலிருந்து அக்காவின் சேதி வந்திருந்தது. ஆவுடையம்மாளுக்கு எண்பத்துநான்கு வயது. தாயில்லாத தம்பிக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள். இருபது வருடத்துக்கு முன் மகனோடு அங்கே குடியேறிவிட்டாள்.

"மணி, அடுத்த கப்பல் வரைக்கும் எனக்குத் தாங்காதுன்னு தோணுது. ஒருதடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போலே."

செவ்வாய்க்குக் கப்பல் இரண்டு வருடம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். இந்த முறை கிளம்பப் பத்து நாள் இருந்தது. முதல் தேதிகளில் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டுமே என்று சண்முகவடிவுக்கும் சேர்த்து இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பயணக் காப்பீடு இல்லாதவர்களைக் கப்பல் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மாசிலாமணிக்கோ இதயம் செயற்கை, சர்க்கரைக்காக வயிற்றில் ஒரு கணையப் பொறி, இடது முழங்கால் மாற்றியது, வலது காது மந்தம்.

முதல் நிறுவனத்தில், சண்முகவடிவு சொன்னாளே என்று நான்கையும் ஒப்புக்கொண்டார். அங்கிருந்த இயந்திரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதயம், வயிறு, கால், காது தவிர மற்றதற்கெல்லாம் காப்பீடு தருவதாகச் சொன்னது.

"அப்ப மிச்சம் என்ன இருக்கு?"

"உங்கள் பெட்டி."

இரண்டாவது நிறுவனம் இன்னும் இரக்கமுள்ளது. அவரை உறையவைத்துச் சரக்குப் பிரிவில் அனுப்பலாம் என்றது. சரக்குக்கு யாரும் முன்நோய் கேட்பதில்லை. அவர் ஒரு நாள் முழுக்க அதை யோசித்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். "கட்டியா உறைஞ்சு போயி அக்காகிட்ட எப்படிப் பேசுவீங்க?" என்று சண்முகவடிவு கேட்ட பிறகுதான் கைவிட்டார்.

மூன்றாவதுதான் 'நிம்மதி விண்பயணக் காப்பீடு'. கடற்கரைச் சாலையில் சின்ன அலுவலகம், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எஸ்தர் என்ற இளம் அதிகாரி. இருவருக்கும் ஆளுக்கொரு காகிதப் படிவம் கொடுத்தாள். முப்பத்திரண்டு நோய்களின் பெயர். ஒவ்வொன்றுக்கும் 'உண்டு', 'இல்லை'. சோதனை எதுவும் கிடையாது. முன்பெல்லாம் காப்பீட்டுக்காரர்கள் உறுப்புகளையே நேரடியாக விசாரித்தார்கள். யாரோ ஒருவருடைய செயற்கைக் கல்லீரல், பெண் பார்க்கப் போன வீட்டில் அவருடைய குடிப்பழக்கத்தைச் சபையில் போட்டு உடைத்துவிட, ஊரே கொதித்து 'உடல் இரகசியச் சட்டம்' வந்தது. அதற்குப் பிறகு உறுப்புகள் வாய் திறப்பதில்லை.

மாசிலாமணி முப்பத்திரண்டுக்கும் 'இல்லை' என்று கோடு இழுத்தார்.

"எல்லாமே இல்லையா?" என்றாள் சண்முகவடிவு.

"ரெண்டு எடத்துல உண்மையச் சொல்லித்தானே இந்தக் கதி. நீ சும்மா இருட்டி."

அவள் ரத்த அழுத்தத்துக்கு மட்டும் 'உண்டு' போட்டுக் கையெழுத்திட்டாள். அது உண்மை.

முத்திரை குத்த அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். சண்முகவடிவு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை புரட்டினாள். பக்கத்திலிருந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியதற்கு "பாத்துக்கிடுங்க" என்று சொன்னதோடு சரி. இந்தப் பக்கம் மாசிலாமணிக்கு அருகே வேலாயுதம் என்று ஒருவர். முழங்காலை நீவிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"முட்டி போயிட்டு அண்ணாச்சி. உக்காந்தா எந்திரிக்க முடியல."

"எந்தக் காலு?"

"இடது."

"எனக்கும் இடதுதான். உங்களுக்கு வெறும் முட்டிதானே?"

"சுகரும் இருக்கு. முன்னூறு."

"முன்னூறா?" மாசிலாமணி பரிதாபமாகச் சிரித்தார். "எனக்கு நானூத்தம்பது. மெஷின்தான் கோளாறுன்னு டாக்டர் மூணு தடவ பாத்தாரு."

வேலாயுதம் மரியாதையோடு நகர்ந்து இடம் விட்டார். அப்புறம் மாசிலாமணியை நிறுத்த முடியவில்லை. இதயம் மாற்றிய அன்று டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டு, இனிமேல் ஆண்டவன் விட்ட வழி என்று சொன்னாராம். உண்மையில் அது நாற்பது நிமிட வேலை. டாக்டர் இடையிடையே கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தார். காதைத் தொடர்ந்து மூலம் வந்தது, ஒற்றைத் தலைவலி வந்தது, சிறுநீரகக் கல் வந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் குடலிறக்கத்தையும் தன்னுடையதாகச் சேர்த்துக்கொண்டார். மொத்தம் எட்டு.

எஸ்தர் உள்ளே கூப்பிட்டாள்.

"படிவத்துல ஒண்ணுமில்ல. பெஞ்சுல எட்டு. கூட்டி ரெண்டால வகுத்தா நாலு. சரியா இருக்கா சார்?"

மாசிலாமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அந்த வேலாயுதம்..."

"எங்க செவிமாந்தன். கேக்கறதுக்குன்னே செஞ்ச இயந்திரம். உறுப்பக் கேக்கக் கூடாதுன்னுதான் சட்டம் சொல்லுது. நீங்களா சொல்றதக் காது கொடுத்துக் கேக்கத் தடையில்ல."

"முட்டில பிளாஸ்திரி எல்லாம் ஒட்டியிருந்தாரே."

"காலையில மூட்டுவலி, மத்தியானம் வாயுத்தொல்லை. கவலப்படாதீங்க, உங்க பாலிசி ரெடி. எட்டு நோயச் சொல்லிப் புலம்பறவங்க லேசுல சாக மாட்டாங்க. எங்க அனுபவம் அது." அவள் இரண்டாவது படிவத்தை எடுத்தாள். "சிக்கல் அம்மாகிட்டதான். படிவத்துல ஒண்ணு. பெஞ்சுல எங்க இடுப்புவலி இயந்திரம் அவ்வளவு முனகியும் ஒண்ணுமே சொல்லல. வகுத்தா அரை நோய். அரை நோயோட ஒரு மனுஷிய நாங்க பாத்ததில்ல. உள்ள எதையோ வச்சிருக்காங்க. இப்படிப்பட்டவங்கதான் பாதி வழியில பொசுக்குன்னு போயிடறாங்க. கொடுக்க முடியாது சார்."

"அவ இல்லாம நான் எப்படிப் போவேன்? ஒண்ணாம் தேதி யாரு நிப்பா?"

அக்காவின் முகம் அவர் கண்முன் வந்து நின்றது. வெளியே ஓடி, மனைவியின் காதருகே குனிந்தார். "ஏட்டி, அந்த ஆளு பக்கத்துல போயி எதையாவது புலம்பு. இடுப்பு வலின்னாவது சொல்லு."

"எனக்கு இடுப்பு வலிக்கலியே."

"அக்காவுக்காகச் சொல்லேன்."

அவள் எழுந்து போனாள். மாசிலாமணி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். வேலாயுதம் ஏதோ கேட்டார். பிறகு அவள் தரையைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தாள். அதிகம் போனால் ஒரு நிமிடம் இருக்கும். முடித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செவிமாந்தன் முழங்கால் நீவுவதை நிறுத்தியிருந்தது.

அவளுக்கும் பாலிசி வந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் அவர்தான் பிரித்துப் படித்தார்.

'முன்நோய்: ரத்த அழுத்தம். மற்றும் பயம், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, பதினொரு வினாடி, மூன்று ஆண்டுகளாக. யாரிடமும் சொன்னதில்லை. பயணத்துக்குத் தடையில்லை. குறிப்பு: இதை இரண்டால் வகுக்க வேண்டாம்.'

அவர் இரண்டு முறை படித்தார்.

"நீ போர்வையத்தானே மடிச்சிட்டு நிப்பே?"

"ஆமா. கையச் சும்மா வச்சிருந்தா நடுங்குது."

மூன்று வருடம். வேலாயுதத்தைப்போல எத்தனை பேரிடம் அவர் தன் இதயத்தின் கதையை அளந்திருப்பார்! அவளிடம் ஒருநாளும், ஒரு பேச்சுக்குக்கூட, கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் கப்பல் கிளம்பியது. அக்காவுக்கு வாங்கிய முந்திரி மக்ரூன் பொட்டலம் நொறுங்காமல் சண்முகவடிவின் மடியில் இருந்தது. நிலாவைக்கூடத் தாண்டவில்லை, பக்கத்து இருக்கைக்காரர் மாசிலாமணி பக்கம் சாய்ந்தார்.

"அண்ணாச்சிக்கு உடம்பு எப்படி? சுகர், பிரஷர் ஏதும் உண்டா?"

மாசிலாமணியின் நாக்கு நுனியில் எட்டு நோயும் வரிசையில் வந்து நின்றன. அவர் வாயைத் திறந்தார்; மூடிக்கொண்டார். மனைவியைக் காட்டினார்.

"என்னைய விடுங்க. அவளக் கேளுங்க."

பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் குழம்பி, எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கென்ன," என்றாள் சண்முகவடிவு. "நல்லாத்தான் இருக்கேன்."

கேட்டவர் தலையாட்டி, அதை அப்படியே நம்பிவிட்டார். மனிதர்தான், சந்தேகமில்லை.