டச்சு ஓவியத்தில் வெற்றிலை

காலை மணி 5.50. சோழவந்தான். வெற்றிலை கிள்ள வந்த முகேஷ், கொடிக்காலுக்குள் தன் மாமன் மகள் ரோகிணி செத்துக் கிடப்பதைப் பார்த்து அலறினான். பக்கத்தில் பூச்சிமருந்து டப்பாவும் அவளுடைய போனும் கிடந்தன.

6.40-க்கு இன்ஸ்பெக்டர் கனகா வந்து சேர்ந்தாள். கொடிக்கால் வாசலில் நின்ற ரோகிணியின் அப்பா அழகுபாண்டி, அந்த நிலையிலும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பூட்ஸக் கழட்டிட்டுப் போங்க தாயி. கொடிக்காலுக்குள்ள யாரும் செருப்புப் போட மாட்டோம்."

ஏட்டு மருது முகத்தைச் சுளித்தார். கனகா கழற்றிவிட்டு நடந்தாள். முந்தின நாள் பாய்ச்சிய தண்ணீரில் சேறு கணுக்கால்வரை ஏறியது.

ரோகிணிக்கு முப்பதுகூட ஆகவில்லை. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. காலில் வார் வைத்த செருப்பு. கனகா குனிந்து அதன் அடியைப் பார்த்தாள். ஒரு பொட்டுச் சேறு இல்லை.

அழகுபாண்டி தலையில் அடித்துக்கொண்டார். "நேத்து நாலு மணிக்கு நான்தான் வைதேன். 'வெள்ளக்காரன் படத்தப் பாத்துக்கிட்டே கெழவியாகப் போறியா, முகேஷக் கட்டப் போறியா'ன்னு கேட்டேன். விருட்டுன்னு கிளம்பிட்டா. எட்டு மணிக்கு 'அப்பா, மன்னிச்சிரு'ன்னு மெசேஜ் வந்துச்சு. ராத்திரி பூரா மதுரையில தேடுனேன். என் வாய்தான் எம்புள்ளயக் கொன்னுருச்சு."

"தற்கொலைதான் மேடம்," என்றார் மருது. அவருக்குத் தற்கொலை என்றால் வசதி, ஃபைலைச் சீக்கிரம் மூடிவிடலாம். "இல்லேன்னா அந்த முகேஷ் பய. கட்டிக்க மாட்டேன்னுட்டால்ல?"

"பாப்போம்ணே."

ரோகிணியின் அறையில் லேப்டாப்பைக் காணவில்லை. சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருடம் தாண்டாதவர்களுக்கு லண்டனில் ஒரு கட்டுரைப் பரிசு. ஜெயித்தால் ஒரு வருடம் அங்கேயே ஆய்வு செய்யலாம். கடைசி நாள் நேற்று. கனகா அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள்.

2.30-க்குப் பதில் வந்தது. ரோகிணியிடமிருந்து எதுவும் வரவில்லை. மதுரையிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று, இந்திய நேரம் இரவு 9.05-க்கு. பழைய டச்சு ஓவியமொன்றில் மேல்நாட்டுக் கொடி என்று எல்லோரும் நம்பிய இலை, வெற்றிலைதான் என்று நிறுவும் கட்டுரை. எழுதியவர் ஜெயபாண்டி. ரோகிணியோடு ஒரே துறையில் ஆய்வு செய்தவன்.

மாலை 4.15. ஆரப்பாளையத்தில் ஜெயபாண்டியின் வாடகை அறை.

"கட்டுரை நீங்க எழுதுனதா?"

"ஆமா மேடம். ஒரு வருஷ உழைப்பு."

"வெத்தலைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ரோகிணி அப்பா கொடிக்கால்ல உக்காந்து இலைய வரைஞ்சு பாத்தேன். நாலஞ்சு தடவ போயிருக்கேன்."

"ஆளுக இருந்தாங்களா?"

"கிள்ளுறவங்க கூடயேதான் சுத்துவேன்."

"சேறாச்சே, கால்ல என்ன போட்டுக்குவீங்க?"

"பழைய செருப்பு ஒண்ணு."

கனகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பொணத்தப் பாக்க வந்த என்னையே பூட்ஸக் கழட்டச் சொன்ன ஊரு அது. உன்ன மட்டும் செருப்போட சுத்த விட்டாங்களா? ஆளுக இருக்கும்போது நீ அங்க கால் வச்சதே இல்ல. அந்தக் கட்டுரை ரோகிணியோடது. அவளா போயிருந்தா செருப்ப வெளிய விட்டிருப்பா. முகேஷ் தூக்கிட்டுப் போயிருந்தா அவ காலுலேர்ந்து கழட்டியிருப்பான். அடியில சேறும் இல்ல. அந்த வழக்கம் தெரியாத எவனோதான் தூக்கிட்டு வந்து போட்டிருக்கான்."

மருது கட்டிலுக்கு அடியிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். அதன் மேல் ரோகிணியின் பெயர் ஒட்டியிருந்தது. ஜெயபாண்டி சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"எனக்கு இந்த வருஷத்தோட அஞ்சு வருஷம் முடியுது மேடம். அவளுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. இத எனக்குக் குடுன்னு கெஞ்சுனேன், மாட்டேன்னுட்டா. நேத்து அழுதுக்கிட்டே வந்தா. 'எங்கப்பா மூஞ்சிலயே இனி முழிக்க மாட்டேன்'னா. அப்பத்தான் இது தோணுச்சு. ஜூஸ்ல கலந்து குடுத்தேன். மெசேஜ் நான் போட்டது. ராத்திரியே கார்ல கொண்டு போய் அங்க கெடத்துனேன்."

மாலை 6.30. பிணவறை வாசல். கனகா அழகுபாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த மெசேஜ் அவ அனுப்பல அய்யா. நீங்க வைததுக்காக அவ சாகல."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எம்புள்ள என்மேல கோவத்தோட போகலையா தாயி?"

"இல்லய்யா. வைததையே மறந்துட்டு, சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சாம்."

மருது நிமிர்ந்து பார்த்தார். பிறகு தான் எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தைத் திறந்து, 'எங்கப்பா மூஞ்சிலயே' என்று தொடங்கும் வரியை அடித்தார்.