முடிச்சு விழாத கட்டைவிரல்

ஓடைப்பட்டியில், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே பூட்டிக் கிடந்த பழைய வீட்டுக்கு, 2003 கோடையில் படம் எடுக்க வந்தாள் தேவயானி.

"நாற்காலியில ஒருத்தர் ஆடாம அசையாம இருக்கணும். சுவர்ல வெயில் மட்டும் நகரணும். அதுதான் சார் முழுப் படமும்."

கதாநாயகன்? நான்தான்! கண்டக்டராக இருந்தபோது நான் ஊதிய விசிலுக்கு மேகமலையே ஒரு சாண் தள்ளி உட்காரும். அப்பேர்ப்பட்டவனை அசையாதே என்றாள்.

கூடத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டேன். சாவி கொண்டுவந்த சண்முகத்தாய் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே, அது எழவுக்கு எடுக்கிற நாக்காலி. பொணத்தக் குளிப்பாட்டி உக்கார வைக்கிறது. அதுல அசையாம இருந்தா, செத்துட்டாகன்னு நெனச்சு, இந்த வீட்டுப் பொணங்களுக்குக் கட்டுப் போட்டுட்டிருந்து செத்துப்போன கெழவி கால்கட்டுப் போட வந்துருவா."

"வரட்டும் ஆத்தா, டிக்கெட் போட்டு விடுறேன்."

கேமரா ஓடியது. தோட்டத்து மருந்து நெடி மெல்ல அடங்கி, சீயக்காய் மணந்தது. என் நெற்றியில் ஈரம் வழிந்தது.

சுவரில் ஊர்ந்த வெயில் நின்றது. கிணற்று மோட்டார் சத்தம் நின்றது. கேமராவுக்குப் பின்னால் தேவயானி இமைக்கவில்லை.

காலடியில் துணி கிழிகிற சத்தம்.

வலது கால் கட்டைவிரலில் ஒரு சுற்று. இடதையும் சேர்த்து இன்னொரு சுற்று.

பிணத்துக்குக் கட்டுகிற கட்டு.

முடிச்சு விழுந்தால் நான் முடிந்தேன். கை எழவில்லை. மூச்சு பாதியில் நின்றது. காதோரம் ஒரு கிசுகிசுப்பு:

"அசையாதீக. முடிச்சுத்தான் பாக்கி."

வந்ததே எனக்குக் கோபம்! கட்டைவிரலை ஆட்டினேன். ஆட்டிய ஆட்டில் வைகை அணையில் அலை அடித்திருக்கும்.

"ஏ ஆத்தா! என் ஸ்டாப்பிங் இன்னும் வரல!"

வெயில் நகர்ந்தது. எழுந்து ஒரே பாய்ச்சலாக வெளியே ஓடினேன்.

"சார், படம் போச்சு!"

"படந்தானம்மா போச்சு."

போகவில்லை. அடுத்த மாதம் டி.வி.யில் போட்டுக் காட்டினாள். படத்தில் நான் கத்துகிறேன், ஓடுகிறேன். நாற்காலி காலியாகவில்லை. அதிலும் நானே உட்கார்ந்திருக்கிறேன், வாய்க்கட்டோடு, கால்கட்டோடு. அவள் கேட்ட மாதிரியே, துளி அசைவில்லை.

இத்தனை வருஷம் கழித்து, நேற்று சென்னையிலிருந்து போன் செய்தாள்.

"சார், இன்னைக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்காலியில யாரும் இல்ல."

இதை எழுதும்போதும் இரண்டு கட்டைவிரல்களையும் ஆட்டிக்கொண்டேதான் இருக்கிறேன். சீயக்காய் மணக்கிறது. மேசைக்கு அடியில் துணி கிழிகிறது.

கிழி ஆத்தா, கிழி.