முனிராஜ் அண்ணனின் சீட்டி

நாகம்மா பெரியம்மாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அதைப் பார்த்ததும் சுஹைனா அப்படியே நின்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கதவு பூட்டியேதான் இருக்கும். ஓசூர் கம்பெனியில் பெரியம்மாவுக்கு ஓவர்டைம். அதை நம்பித்தான் தெருக்காரர்கள் இன்றைக்கு வாலிபால் போட்டி வைத்திருந்தார்கள். பெரியம்மாவின் மகன் முனிராஜ் அண்ணனின் நினைவுப் போட்டி அது. பார்த்தால், இன்றைக்கென்று கம்பெனியில் லீவு விட்டுவிட்டார்கள்.

முனிராஜ் அண்ணன் ஆடினால் தெருவே கூடிவிடும். சர்வீஸ் போடும் முன் ஒரு மெட்டைச் சீட்டியடிப்பார். பிள்ளைகள் பதிலுக்குக் கைதட்டுவார்கள். பத்து வயது சுஹைனாவுக்கு அந்த மெட்டு தண்ணீர் பட்ட பாடு.

போன வருடம் அண்ணன் மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். ஒரு மாதம் கழித்து ஒரு பையன் தெருமுனையில் அதே மெட்டை அடிக்க, பெரியம்மா வாசலுக்கு ஓடிவந்து மயங்கி விழுந்தார். அன்றிலிருந்து அங்கே யாரும் சீட்டியடிப்பதில்லை. அண்ணன் பெயரைக்கூடச் சொல்வதில்லை.

இன்றைக்கு எல்லோரும் சேர்ந்து அந்த மெட்டை அடிப்பதாக ஏற்பாடு. மைதானமோ பெரியம்மா வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது.

சுஹைனா ஓடிப்போய் கேப்டன் சுரேந்தரிடம் சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. திருட்டு மாங்காயை மறைப்பதுபோல பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். கட்டியிருந்த பேனரைச் சுருட்டிவிடலாம், போட்டியே வேண்டாம் என்றான். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

சுஹைனாவுக்கு அழுகை வந்தது. இப்படியே போனால் அண்ணனை எல்லோரும் மறந்துவிடுவார்களே. ஆனால் பெரியம்மா மறுபடி விழுந்துவிட்டால்? இந்த முறை எழுந்திருக்காமலே போய்விட்டால்?

அந்தப் பையன் சீட்டியடித்த அன்றைக்குப் பெரியம்மாவிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்தால் என்ன?

அந்தக் கதவுவரை போனாள். இரண்டு முறை திரும்பி ஓடப் பார்த்தாள். உள்ளே பெரியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சுஹைனா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பெரியம்மாவின் கை அப்படியே நின்றது. சுஹைனா பயந்துபோய், விழுந்தால் தாங்கிப் பிடிக்க இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டாள்.

"அன்னிக்கு எம்புள்ளதான் வந்துட்டான்னு ஓடியாந்தேன் கண்ணு. அவன் இல்லைன்னதும் தலை சுத்திருச்சு," என்றார் பெரியம்மா. "அதுக்காக அவன் பேரக்கூடவா சொல்லாம இருப்பீங்க?"

போட்டிக்கு வருகிறீர்களா என்று சுஹைனா மெல்லக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமையெல்லாம் எனக்கு வேலை. அவன் ஆடி நான் ஒருவாட்டிகூடப் பாத்ததில்ல," என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா எழுந்தார்.

மைதானத்தில் அவரைக் கண்டதும் எல்லோரும் உறைந்துபோனார்கள். ஒருவரும் வாயைக் குவிக்கவில்லை. சுஹைனாதான் தொடங்கினாள். பயத்தில் உதடு காய்ந்து முதலில் வெறும் காற்றுதான் வந்தது. நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி ஊதினாள். மெட்டு வந்தது. கைதட்டல் மெதுவாகச் சேர்ந்துகொண்டது.

பெரியம்மாவின் கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் அவர் விழவில்லை.

"அவன் எங்க நிப்பான் கண்ணு?"

சுஹைனா வலது மூலையைக் காட்டினாள்.

அதன் பிறகு பந்து எந்தப் பக்கம் போனாலும் பெரியம்மா அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.