சாண் அகலப் பள்ளம்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம்.

தோட்டத்தின் நடுவே டிராக்டர் நின்றது. அதன் பின்னால் மாட்டியிருந்த, மண் தோண்டும் ட்ரெஞ்சரின் பல் வைத்த சங்கிலி பள்ளத்துக்குள் இறங்கியபடியே இருந்தது. பற்களில் ஒரு கறுப்புக் கேபிள் சுற்றிக் கிடந்தது. கொஞ்சம் தள்ளிப் பின்வீட்டுக் கட்டிலில், நின்றுபோன ஆக்ஸிஜன் மெஷினுக்குப் பக்கத்தில், தோட்டத்துச் சொந்தக்காரரான பெரியவர் பிணமாகக் கிடந்தார்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் எல்லோரும் டிராக்டர் டிரைவரைக் கைகாட்டிவிட்டார்கள். இந்த அம்மாளுக்கு ஒரு குணம் உண்டு. எல்லோரும் ஒரு பக்கம் கைகாட்டினால் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்ப்பார். மேலதிகாரிகளுக்கு இதனால் தீராத தலைவலி.

டிரைவர் டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான்தான் மேடம் கொன்னுட்டேன். விலங்கு போடுங்க."

"போடலாம், என்ன அவசரம்? முதல்ல நடந்ததைச் சொல்லுங்க."

"வாசல்லேர்ந்து பின்னால கட்டுற புது வீடு வரைக்கும் தண்ணி பைப்புக்குப் பள்ளம். குறுக்க முன்வீட்டுலேர்ந்து பெரியவர் இருக்கற பின்வீட்டுக்குக் கரண்ட் கேபிள் போகுது. அது போற இடத்துல சிவப்புக் கொடி நட்டிருக்கும். அதுக்கு முன்னாடியே சங்கிலியைத் தூக்கிட்டு, அந்தத் துண்டை மட்டும் மண்வெட்டியால வெட்டணும். கொடி இன்னும் தள்ளித்தான் இருந்துச்சு மேடம். அதுக்குள்ள சங்கிலி எதையோ இழுத்துச்சு. பாத்தா கேபிள்."

"தீப்பொறி, சத்தம் ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல."

"நடுவுல எங்கயாவது நிறுத்தினீங்களா?"

"பல்லுல ஒரு கல்லு சிக்கிச்சு. எஞ்சினை நிறுத்திட்டு, கடப்பாரை போட்டு எடுக்க அரை மணி நேரமாச்சு. அப்புறம் ஓட்டின கொஞ்ச நேரத்துலதான் இப்படி."

"கேபிள் சிக்கினதும் என்ன பண்ணினீங்க?"

"பின்வீட்டுக்கு ஓடினேன். பெரியவர் கையைத் தொட்டுப் பாத்தேன். சில்லுனு இருந்துச்சு." அவன் குரல் உடைந்தது. "காலையிலதான் ஜன்னல்லேர்ந்து, 'கோணாம ஓட்டுடா'ன்னு கிண்டல் பண்ணினார்."

இன்ஸ்பெக்டர் அவனை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். பிறகு பெரியவரின் அக்கா மகனிடம் போனார். ஐம்பது வயதுக்காரர், கசங்காத சட்டை. பத்து வருடமாகத் தோட்டத்து நிர்வாகம் அவர் கையில்தான்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"மாமா ரூமுக்கு அடுத்த ரூம்ல. ட்ரெஞ்சர் கேபிளை இழுக்கற சத்தம் கேட்டுச்சு. அதே நொடி தலைக்கு மேல ஃபேன் நின்னுடுச்சு. நான் எழுந்து ஓடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

"சிலிண்டர் வெச்சிருப்பீங்களே?"

"காலி. வேற வாங்கிட்டு வர நர்ஸை அனுப்பியிருந்தேன். மூணு மணிக்குள்ள வந்துடறேன்னு போனாங்க."

"கொடி தப்பா நட்டிருந்ததாமே?"

"எலக்ட்ரீஷியன் நேத்து சரியாத்தான் நட்டார். இவன் கேபிளை அறுத்துட்டு, தப்பிக்கறதுக்காகக் கொடியைப் பிடுங்கித் தள்ளி நட்டிருக்கான்."

"மெயின் பெட்டியைத் தொட்டீங்களா?"

"கிட்டக்கூடப் போகல. மாமாவே போயிட்டார், கரண்ட் எதுக்கு?"

பெட்டி முன்வீட்டு ஹாலில் இருந்தது. 'பின்வீடு' என்று எழுதிய பெரிய சுவிட்சின் கைப்பிடி அடிவரை இறங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் எதையும் தொடாமல் படம் எடுத்துக்கொண்டார்.

வாசலில் நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் புது வீடு யாருக்கும்மா?"

"ஐயாவோட மகளுக்கு. அடுத்த வாரம் வந்துடறாங்க. இனிமே தோட்டத்தையும் அவங்கதான் பாத்துக்கப் போறாங்க. ஐயாவுக்கு நேத்தெல்லாம் அதே பேச்சுதான்."

இன்ஸ்பெக்டர் பள்ளத்துக்குத் திரும்பினார். சாண் அகலம், இடுப்பளவு ஆழம். ட்ரெஞ்சர் வாரிப் போட்ட மண் இரண்டு பக்கமும் கரையாகக் கிடந்தது. கேபிள் அறுந்த இடத்தில் முழங்கால் போட்டு, அந்த மண்ணைக் கையால் ஒதுக்கினார். அடியில் புல் தெரிந்தது. புல்லுக்குள் விரல் பருமனில் ஒரு குழி. எதிர்க்கரையிலும் அதே போல ஒன்று. பிறகு கேபிளின் முனையைக் கைக்குட்டையால் துடைத்து, முகர்ந்துகூடப் பார்த்தார். சங்கிலியின் பற்களையும், தள்ளி நட்டிருந்த கொடிக் கம்பியையும் விடவில்லை.

மணி நாலரை. எல்லோரையும் பள்ளத்தருகே வரச் சொன்னார்.

"முதல்ல கொடி. கேபிள் அறுந்தப்புறம் பிடுங்கியிருந்தா, இந்த மண்கரை கலைஞ்சிருக்கும். கொடிக் கம்பியில புது மண் ஒட்டியிருக்கும். கம்பி சுத்தமா இருக்கு. பழைய குழி மண்ணுக்கு அடியில மூடிக் கிடக்கு. ட்ரெஞ்சர் இங்க வர்றதுக்கு முன்னாடியே யாரோ கொடியை மாத்திட்டாங்க."

"அதையும் இவனே பண்ணியிருக்கலாமே?" என்றார் அக்கா மகன்.

"தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கவா? சரி, இதைப் பாருங்க." கேபிள் முனையை நீட்டினார். "கரண்ட் ஓடற கேபிளை இரும்புப் பல் அறுத்தா வெடிக்கும். முனை கருகும், செம்பு உருகும். இது புதுப் பாத்திரம் மாதிரி மின்னுது. பல்லுலயும் கரி இல்ல. அறுபடும்போது இதுல கரண்டே இல்ல."

இன்ஸ்பெக்டர் அக்கா மகன் பக்கம் திரும்பினார்.

"ஃபேன் அதே நொடி நின்னுச்சுன்னு சொன்னீங்க. அது எப்பவோ நின்னிருக்கணும்."

"அது... தானா ட்ரிப் ஆகியிருக்கும்."

"அந்த மாதிரி சுவிட்ச் தானா ட்ரிப் ஆனா, கைப்பிடி பாதியில நிக்கும். யாராவது கையால அணைச்சாத்தான் அடிவரைக்கும் போகும். போயிருக்கு."

"அப்போ இந்த டிரைவர்தான் உள்ள போய்..."

"யாரு அணைச்சிருந்தாலும் ஃபேனோட சேர்ந்து ஆக்ஸிஜன் மெஷினும் நின்னிருக்கும். நீங்க அடுத்த ரூம்ல இருந்ததா நீங்களே சொன்னீங்க. டிரைவர் வந்து தொடறப்போ கை சில்லிட்டுப் போயிருக்கு. அதுவரைக்கும் நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அக்கா மகன் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"கொடியை மாத்தினீங்க, நர்ஸை அனுப்பினீங்க. மீதியை ட்ரெஞ்சர் பாத்துக்கும், பழி டிரைவர் மேல விழும். நீங்க அதோட சும்மா இருந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ஆனா எஞ்சின் நின்னுடுச்சு. நர்ஸ் திரும்பி வர்ற நேரம் வேற. பொறுக்க முடியாம நீங்களே போய் சுவிட்சை அணைச்சீங்க."

"பாழாப்போன கல்லு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று உதட்டைக் கடித்தார். ஆனால் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. கல் சிக்கியதை அங்கே யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஜன்னலோரம் நின்று அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

ஜீப் கிளம்பும்போது டிரைவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"மேடம், அப்போ கேபிளை நான் அறுக்கலயா?"

"அறுத்தீங்க. அதுக்கு முன்னாடியே பெரியவர் போயிட்டார். உங்க கையால ஒண்ணும் நடக்கல."

அவன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அடக்க முடியாமல் விம்மி அழுதான். இன்ஸ்பெக்டர் வாசலிலிருந்து டிராக்டர் வரை போகும் பள்ளத்தை ஒரு தரம் கண்ணால் அளந்தார்.

"கோணாமத்தான் ஓட்டியிருக்கீங்க" என்றார்.