குழல் சாயும் பக்கம்

மட்டமாக நிறுத்திவிட்டுத்தான் ஆறுச்சாமி கீழே இறங்கிப் போனான். தண்ணீர் குடித்துவிட்டு மூங்கில் ஏணியில் திரும்பி ஏறி வந்தபோது, தொலைநோக்கியின் முனை குனிந்திருந்தது.

காற்று என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. தை பிறந்தால் கணவாய் வழியாக ராவும் பகலும் இரைந்து, பனையோலைகளைப் போட்டு அடித்து, மொட்டை மாடி முழுக்கச் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டும் கிழக்குக் காற்று, அன்றைக்குப் பொழுது இறங்கியதிலிருந்து மூச்சே விடவில்லை.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது ஏலத்தில் விட்டுப்போன சாமான் அந்தத் தொலைநோக்கி. முக்காலியின் மேல் இரும்புக் கவை. கவைக்கு நடுவே கை நீள வெள்ளைக் குழல். மேலும் கீழும், இடமும் வலமும், இரண்டே அசைவு. குழலைப் பிடித்திருக்கும் பட்டையைத் தளர்த்தி, முன்னும் பின்னும் நகர்த்தி, கையை எடுத்தால் விட்ட இடத்திலேயே நிற்கும்படி எடையைச் சரிக்கட்ட வேண்டும். இதற்கு முன்கண்ணாடி கனம். எவ்வளவு பின்னுக்கு இழுத்தாலும் முனை குனிந்தது. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன் இரண்டு நாள் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி கமலாத்தாள் குழலுக்கு அடியில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். பழைய நீலச் சேலையில் ஒரு பை தைத்து, மணல் போட்டு, கண் வைக்கும் பக்கத்தில் தொங்கவிட்டாள். குழல் நின்றது.

"ஏனுங்க, காலேஜுல இதயெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

அன்று இருட்டும்வரை பொறுக்காமல் தோட்டத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். இந்தக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உங்க அண்ணன் தலைகீழா நடக்கறாருங்க. நாஞ் சொன்னா நீங்க நம்பவா போறீங்க!"

கார்த்திகையில் அவள் கிணற்றில் குதித்தாள். குதித்தாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் செங்கோட்டையன் அன்று சந்தைக்குப் போயிருந்தார். கிணற்றடியில் ஒருவரும் இல்லை. தையில் தெரியும் என்று பத்திரிகைகள் பெரிதாகப் போட்ட வால்நட்சத்திரத்துக்கு விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தவள், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். ஏன் என்ற அந்த ஒன்று மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. அழுகை வரவில்லை. வாக்குக் கொடுத்தவள் ஏய்த்துவிட்டுப் போன மாதிரி நெஞ்சு மரத்துக் கிடந்தது.

மணல் பையும் அன்றிலிருந்து காணவில்லை. அதற்குப் பதில் ஒரு எடைக்கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

இப்போது இன்னொரு கல்லையும் கட்டினான். பட்டையைத் தளர்த்தி, குழலை ஒரு விரற்கடை பின்னுக்கு இழுத்து, முடுக்கினான். தென்மேற்கில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. வால்நட்சத்திரம் தெரியும் என்று சொல்லியிருந்த இடத்தில், வியாழனுக்குப் பக்கத்தில், குறி வைத்துக் கையை எடுத்தான். நின்றது. அவன் குனிந்து கண் வைப்பதற்குள், யாரோ முனையில் சோம்பலாகக் கையை வைத்துச் சாய்ந்துகொண்ட மாதிரி, மெல்ல இறங்கியது.

மூன்று தடவை சரி செய்தான். மூன்று தடவையும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

கண்ணை வைத்துப் பார்த்தான். கீழ்த்தோட்டத்துக் கிணறு. மோட்டார் ரூம் மேலே போய்விட்ட தரையிலிருந்து வௌவால் போலத் தொங்கியது. அதன் பல்பு வெளிச்சத்தில் தென்னைகள் தலைகீழாக நின்றன. கிணற்று மேட்டில் ஒரு பெண். நீலச் சேலை. ஈரம்.

நிற்கிறாள், அவ்வளவுதானே என்றுதான் முதலில் நினைத்தான். ஒரு கணம் கழித்துத்தான் புத்தி வேலை செய்தது. உலகமே தலைகீழாகத் தெரிகிற கண்ணாடியில் அவள் மட்டும் நேராக நின்றாள்.

அப்படியானால் அங்கே, அந்தக் கிணற்று மேட்டில்.

தலை கீழே. கால் மேலே.

கண்ணை எடுத்து வெறுமனே பார்த்தான். தூரத்தில் பல்பு மட்டும் மஞ்சளாக எரிந்தது.

ஏணி கிறீச்சிட்டது. திடுக்கிட்டுத் திரும்பினான். அண்ணன்தான். கையில் ஏதோ இருந்தது.

"ஏண்டா சாமி, சோறு திங்காம இன்னும் ஆகாசத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கற? வாலு மொளச்சு வந்துச்சா, இல்லயா?"

"இல்லீங்ணா."

"பேப்பர்க்காரன் நல்லா ஏமாத்திப்போட்டான் போ. இந்தா. மோட்டார் ரூம்ல சாக்குக்குப் பின்னால கெடந்துது. உன்ர மிசினுக்குக் கட்டறதுதான?"

நீலப் பை. ஆறுச்சாமி வாங்கினான். கனமாக இருந்தது, புது மணல். ஒரு பக்கத் தையல் விட்டுப்போய் மறுபடி தைத்திருந்தது. பாதிவரைக்கும். பாதியில் ஊசி குத்தி நின்றது. துருப்பிடித்த ஊசி. அதில் இன்னும் நூல் இருந்தது.

"கெணத்து மேட்டுல உக்காந்து அன்னிக்கு இதத்தான் தெச்சுட்டிருந்தா," என்றார் அண்ணன். "பாகத்த உடு புள்ள, ஒண்ணா இருக்கலாம்னு எத்தன தடவ சொன்னேன்..."

எங்கோ ஒரு ஆட்காட்டிக் குருவி கத்திவிட்டு ஓய்ந்தது.

"நீங்க சந்தைக்குப் போயிருந்தீங்களேண்ணா," என்றான் ஆறுச்சாமி. அவன் குரல் அவனுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமில்லை. ஒருவிதமான சலிப்புத்தான்.

"பாகங் கேக்கறது அவதான், நானில்லைன்னு எங்கிட்ட வந்து சொன்னது யாரு? நீதான?"

அவன்தான். அண்ணன் முகத்தைப் பார்த்து நிலத்தைப் பிரி என்று கேட்கத் தம்பிக்கு வாய் வராது. பெண்டாட்டி கேட்கிறாள் என்று சொல்லிவிட்டால் வழக்கப்படி தீர்ந்துவிடும். சொல்லிவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினான். பாகம் கேட்பது அவனும் அவளும் சேர்ந்து எடுத்த முடிவு. பழியை அவள் மேல் போட்டதைக் காலையில் அவளிடம்கூடச் சொல்லவில்லை.

கைகள் பழக்கத்தில் இயங்கின. கற்களை அவிழ்த்தான். பையைக் கட்டினான். குழல் மட்டமாக நின்றது. எப்போதும் போல, அழகாக. பிறகு முனை மெல்லக் குனிந்தது.

"உன்ர மிசின் சாயுது பாரு," என்றார் அண்ணன், பேச்சை மாற்றுகிறவர் போல. குனிந்து கண்ணை வைத்தார். "என்னத்தடா இப்பிடிப் பாக்..."

கை கவையை எட்டிப் பற்றியது.

குழல் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. முன்பக்கத்து வெள்ளைப் பூச்சில் நான்கு ஈர விரல்கள் பதிந்திருப்பதை ஆறுச்சாமி பார்த்தான். கிணறு இருந்த மட்டத்தைத் தாண்டி இறங்கியது. வாய்க்காலைத் தாண்டியது. களத்தைத் தாண்டியது. நெருங்கி வருகிற ஒன்றைத் தொடர்ந்து பார்க்க வேண்டுமானால் எப்படி இறக்க வேண்டுமோ அப்படி.

"அண்ணா. கண்ண எடுங்கண்ணா."

எடுக்கவில்லை. கவையைப் பற்றியிருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன.

வாசல். சுவர். ஏணியின் அடி. அங்கே நின்றது.

பாசி வாடை.

ஏணி ஒருமுறை கிறீச்சிட்டது. குழல் ஒரு விரற்கடை உயர்ந்தது. மறுபடி கிறீச். மறுபடி ஒரு விரற்கடை. ஏணியின் தலைக்கு நேராக வந்ததும், குழல் மட்டமானது.

அவன் ஏணியைப் பார்த்தான். யாரும் இல்லை. தளத்துச் செம்மண்ணில் மட்டும் ஈரம் படிந்தது. கால்தடம் இல்லை. இரண்டு உள்ளங்கைகள். பிறகு இரண்டு உள்ளங்கைகள்.

இப்போது குழல் பக்கவாட்டில் திரும்பியது. கண்ணை எடுக்காமலே, குனிந்தபடியே, அண்ணனும் அதோடு சேர்ந்து பாதம் தேய்த்து நகர்ந்தார். வாயோரம் எச்சில் ஒழுகியது.

அவரிடம்தான் வருகிறாள். அவரிடம்தானே வர வேண்டும்.

ஈரத் தடம் அவரைக் கடந்தது.

முன்கண்ணாடி கறுப்பாக, வட்டமாக, ஆறுச்சாமியின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. அசையவில்லை. எடை அவ்வளவு சரியாக இருந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால், கணுக்கால் உயரத்திலிருந்து, ஈரமான ஒரு மூச்சு.

"ஏனுங்க," என்றது.