பாலன் காட்டிய தேசம்

எட்டரை மணிக்குப் பாலனைக் காணோம். பத்து மணிக்கு ரயில்.

"பக்கத்து வீட்டுல பார்த்தியா, வல்லி?" என்று அம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"பார்த்துட்டேன்மா. குழாயடியிலயும் இல்ல. கடைத்தெருவிலயும் இல்ல."

புஷ்பவல்லிக்கு வயது பதினொன்று. தம்பி பாலனுக்கு ஆறு. இருவரும் பிறந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், தண்டவாளத்தை ஒட்டித் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில். அப்பா கன்னையா தண்டவாளம் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். அந்த 1931ஆம் ஆண்டில் ரப்பர் விலை விழுந்தது. ஈயத்தின் விலையும் விழுந்தது. ஊரெங்கும் ஆட்களைக் குறைத்தார்கள். அப்பாவின் வேலையும் போயிற்று. வேலை இழந்தவர்களை இலவசமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் சொந்த ஊரான மன்னார்குடிக்குப் போக இன்று இவர்களுடைய முறை.

வீட்டை நேற்றே ஒப்படைத்தாயிற்று. தகரப் பெட்டி, பாய்ச்சுருட்டு, சட்டிபானை மூட்டை எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. பாலன் மட்டும் இல்லை.

"இந்தக் கப்பலை விட்டா அடுத்தது எப்பன்னு யாருக்கும் தெரியாது" என்றார் அப்பா. அவர் அம்மா பக்கம் திரும்பினார். "நான் ஸ்டேஷன் பக்கம் பார்க்குறேன். நீ இங்கேயே இரு, சீதா. அவனே திரும்பி வந்தாலும் வருவான்."

அப்பா வேகமாக நடந்தார். வல்லி நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். நேற்று ராத்திரி சாப்பிடும்போது பாலன், "நான் வரல" என்று சொன்னான். மூட்டை கட்டும் அவசரத்தில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

எங்கே போயிருப்பான்?

சட்டென்று அவளுக்கு நேற்றைய பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. அங்கே எல்லா வகுப்புக்கும் ஒரே கூடம்தான். ராதாகிருஷ்ணன் சார் கரும்பலகையில் 'தேசாபிமானம்' என்று பெரிதாக எழுதினார்.

"நம்ம பிள்ளைங்க நாலு பேர் நாளைக்குச் சொந்த தேசத்துக்குப் போறாங்க. அதனால இன்னிக்கு இந்தச் சொல். அபிமானம்னா பிரியம். தேசம்னா?"

"நாடு சார்!"

"நாடுதான். ஆனா அந்தச் சொல் எப்படி வந்தது தெரியுமா? வடமொழியில 'சுட்டிக்காட்டு'ன்னு பொருள் தர்ற ஒரு வேர் இருக்கு. திசைங்கிற சொல்லும் அதுலயிருந்து வந்ததுதான், தேசமும் அதுலயிருந்து வந்ததுதான். விரல் நீட்டி 'அதோ'ன்னு காட்டுற இடம். எங்கே, அந்த நாலு பேரும் உங்க தேசத்தைக் காட்டுங்க பார்ப்போம்!"

கடல் மேற்கே இருந்தது. வல்லி மேற்கே காட்டினாள். இன்னொருத்தியும் அப்படியே காட்டினாள். ஒரு பையன் குழம்பிப்போய் மேலே காட்டினான்.

"அது மேலோகம்டா. இப்பவே என்ன அவசரம்?" என்றார் சார்.

பாலன் மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு பின் ஜன்னலைக் காட்டினான். கூடமே சிரித்தது. வல்லியும் சிரித்தாள்.

பின் ஜன்னல்! அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? பழைய செங்கல் சூளை. அப்பாவும் பாலனும் துண்டு விரித்து மீன்குஞ்சு பிடிக்கும் மண் குட்டை.

இரவெல்லாம் மழை பெய்திருந்தது. குட்டை நிறைந்திருக்கும் என்று வல்லிக்குத் தோன்றியது. ஓடினாள்.

சூளைக்குப் போகும் பாதை சேறாகிக் கிடந்தது. அதில் சின்னச் சின்னக் காலடிகள். வல்லி அவற்றைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். குட்டை கரை ததும்ப நிறைந்திருந்தது. காலடிகள் தண்ணீரின் ஓரம் வரைக்கும் போயின. அதற்கு மேல் காணவில்லை.

"பாலா!"

தண்ணீர் அசையவில்லை.

"பாலா! டேய் பாலா!"

"அச்சூ!"

இடிந்த சூளைக்குள்ளிருந்து ஒரு தும்மல். வல்லி குட்டையோரப் புல்தரையில் தாவி ஓடி உள்ளே எட்டிப் பார்த்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு பாலன் உட்கார்ந்திருந்தான். மூக்கெல்லாம் சாம்பல்.

ஒரு அறை விடவேண்டும் போலிருந்தது அவளுக்கு. கையைப் பிடித்து இழுத்தாள். அவன் செங்கல் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"நான் வரல. என் தேசம் இதுதான். சார் காட்டச் சொன்னாரு, காட்டினேன். நீ கூடச் சிரிச்ச."

வல்லி கையை விட்டாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சிரிச்சது தப்புதான். நீ காட்டினது சரி. எனக்கும் இந்த இடம்தான் பிடிக்கும். எல்லாரும் அந்தப் பக்கம் காட்டுவாங்கன்னு நானும் காட்டிட்டேன்."

பாலன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "அப்ப நீயும் இங்கேயே இரு."

"இருக்கலாம். சோறு?"

"அம்மா ஆக்குவாங்க."

"அம்மாதான் கப்பல்ல போயிடுவாங்களே."

பாலன் உதட்டைப் பிதுக்கினான்.

"உனக்கு எத்தனை கை?" என்று கேட்டாள் வல்லி.

"ரெண்டு."

"ஒரு கையால இந்தச் சூளையைக் காட்டு. ம். இன்னொரு கையால அம்மா இருக்கிற பக்கம் காட்டு."

அவன் வீட்டுப் பக்கம் நீட்டினான்.

"அம்மா ஸ்டேஷனுக்குப் போயிட்டா?"

கை மெல்லத் திரும்பியது.

"கப்பல்ல ஏறிட்டா?"

கை மேற்கே நீண்டது. மற்றக் கை சூளையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

"ஆளுக்கு ஒரு தேசம்தான்னு சார் சொல்லவே இல்லையே" என்றாள் வல்லி.

பாலன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, கை வலிக்குது."

"இறக்கு. ஓடலாம்."

ஓடினார்கள். பாலன் சேற்றில் இரண்டு முறை விழுந்தான். லயத்து வாசலில் மூட்டைகளும் இல்லை, அம்மாவும் இல்லை. அப்பா திரும்பி வந்து அம்மாவையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போயிருப்பார். தம்பியை முதுகில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

மூட்டைகளின் நடுவில் அப்பாவும் அம்மாவும் நின்றிருந்தார்கள். ஆட்கள் எல்லாம் ஏறியாயிற்று. அவர்கள் மட்டும் ஏறவில்லை. பிள்ளைகளைக் கண்டதும் அம்மா பாலனின் முதுகில் ஒன்று வைத்தாள். உடனே அவனை அள்ளி அணைத்துக்கொண்டாள். அப்பா மூட்டைகளை உள்ளே எறிந்தார். அவர்கள் ஏறியதும் ரயில் நகர்ந்தது.

கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் படிக்குக் கீழே மேசை போட்டு, பதிவேட்டை விரித்துவைத்து எழுத்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வரிசை மெல்ல நகர்ந்தது.

அப்பா வல்லியின் காதருகே குனிந்தார். "எந்த ஊருன்னு கேட்டா மன்னார்குடின்னு சொல்லு. வேற ஏதாவது சொல்லி, கப்பல் சீட்டு இல்லைன்னுடப் போறாங்க."

அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"உன் ஊர் எது?" என்று கேட்டார் எழுத்தர்.

வல்லி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "போற ஊர் மன்னார்குடி. பிறந்த ஊர் பிரிக்பீல்ட்ஸ்."

தோளில் இருந்த அப்பாவின் கை இறுகியது. எழுத்தர் நிமிர்ந்தார்.

"ரெண்டுல எதை எழுத?"

"ரெண்டையும் எழுதுங்கய்யா. இடம் இருக்கே."

எழுத்தர் பதிவேட்டில் ஊர் எழுதும் கட்டத்தைப் பார்த்தார். அது அரை விரல் அகலம்தான் இருந்தது. அவர் மீசை லேசாக அசைந்தது. பேனாவை மையில் தொட்டுப் பொடிப்பொடியாக எழுதத் தொடங்கினார்.

"எனக்கும் அப்படியே!" என்றான் பாலன்.

அப்பாவின் கை தளர்ந்தது. "ஏறு வல்லி, ஏறு" என்றார்.

வல்லி ஏறவில்லை. கால்விரலை ஊன்றி எட்டிப் பார்த்து, இரண்டு ஊர்களையும் எழுதியாயிற்றா என்று சரிபார்த்துவிட்டுத்தான் படியில் கால் வைத்தாள்.